வரைபடத்தில் இல்லாத பீலி

சுற்றாடல் சட்டமூலம் ஒன்றை ஆராயும் பாராளுமன்றக் குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது என்று பத்திரிகையில் பார்த்தேன். ஹட்டனில் அந்தச் சட்டமூலத்தை அச்சிட்டு வாங்கி, பஸ்ஸிலேயே வாசித்தேன். நீர்நிலைகளுக்கு அருகில் களைகொல்லி தெளிக்கக் கூடாதாம். நல்லதுதான். ஆனால் அரச வரைபடத்தில் உள்ளவை மட்டும்தான் நீர்நிலைகள். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கெல்லாம் பீலி என்னும் குழாய் வழியே குடிக்கத் தண்ணீர் தரும் ஊற்றோ எந்த வரைபடத்திலும் இல்லை.

கடிதம் எழுதிப் போட்டேன். இரண்டு பேர் வந்து பேசலாம் என்று பதில் வந்தது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். கொழுந்து பறிப்பவர், ஊற்றுக்கு மேலே களைமருந்து அடிப்பதைப் பற்றி, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கோடு பலமுறை மல்லுக்கு நின்றவர். கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டுப்புடவையில் வந்தார்.

"பாராளுமன்றம்னா சும்மாவா டீச்சர்?"

கொழும்புப் பஸ்ஸில், கினிகத்தேனை மலை வளைவுகளில் வாந்தி எடுத்தார். அவிசாவளையில் இறங்கியதும் மூன்று வடை சாப்பிட்டார்.

குழு அறையில் ஆளுக்கொரு ஹெட்போன். அக்கா தமிழில் பேச, மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். "எங்க பீலியில" என்றதும் அவர் தடுமாறி நின்றுவிட்டார். அக்கா விடவில்லை. தலைவரைப் பார்த்து, "பீல்ல, மாத்தயா, பீல்ல!" என்றார்.

அறையே சிரித்தது. எங்கள் பீலிதான் சிங்களத்தில் பீல்ல. தன் ஊரிலும் ஒன்று இருப்பதாக ஓர் உறுப்பினர் உற்சாகமாகச் சொன்னார்.

"அது வரைபடத்தில் இருக்கிறதா?" என்று ஓர் அதிகாரி கேட்டார்.

"படம் போட்டவரு எங்க லயத்துல தண்ணி குடிச்சிருக்க மாட்டாருங்க."

தலைவர் குனிந்து ஏதோ எழுதினார். நான் தயாரித்துப் போயிருந்த நான்கு பக்கங்களை வாசிக்கத் தேவையே இருக்கவில்லை.

சில மாதங்களில் குழுவின் அறிக்கை வந்தது. 'மக்கள் குடிநீருக்குப் பயன்படுத்தும், வரைபடத்தில் இல்லாத ஊற்றுகளும்' என்று சட்டமூலத்தில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். ஓடிப்போய் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இந்த ஒரு வரிக்கா அவ்வளவு தூரம் போனோம்?" என்றார். ஆனாலும் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு முகம் சுளித்தார்.

"ஊத்துன்னு எழுதிட்டாங்க, சரி. மேல இருக்க காட்ட வெட்டுனா ஊத்து எங்கருந்து வரும்? அதையும் எழுதிப் போடுங்க டீச்சர்."

அன்று மாலையே எழுதினேன். கீழே அவரும் கையெழுத்துப் போட்டார்.