அக்காவின் இடப்பக்க மச்சம்

சிறு வயதில் நான் வாங்கிய அடிகளில் பாதி, வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்காததற்காக விழுந்தவை. வாயை மூடிக்கொண்டு இருந்ததற்காக அடி வாங்கியிருக்க வேண்டிய சமயம் ஒன்றே ஒன்று வந்தது. அன்றைக்கு என்மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. படாத அந்த அடி இத்தனை வருஷமாகியும் வலிக்கிறது என்று சொன்னால், எனக்கு வயதாகிவிட்டது என்று பேரன் பேத்திகள் சிரிக்கிறார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அப்பாவுக்குப் பித்தளைப் பாத்திரக் கடை. எனக்கும் அக்காவுக்கும் எட்டு வயது வித்தியாசம். நடுவில் பிறந்தவர்கள் தங்கவில்லை. அதனால் என்னைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, நான் உடைத்ததைத் தான் உடைத்ததாகச் சொல்லி வசவு வாங்குவது எல்லாம் அக்காவின் வேலை. அக்காவின் உதட்டுக்குச் சற்று மேலே, இடப்பக்கம், மிளகளவுக்கு லேசாக எழும்பிய ஒரு மச்சம் இருந்தது. சோறு ஊட்ட எதிரே உட்காரும்போதெல்லாம் நான் வலது கையை நீட்டி அதை அழுத்தி, "டிங்" என்பேன். அக்கா வாயைத் திறந்து, "யாரு, கதவைத் தட்டுறது?" என்பாள். நான் வாயைத் திறந்ததும் கவளம் உள்ளே போய்விடும். ஒன்பது வயதுத் தடிப்பயல் இப்படிச் சோறு தின்றான் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

மாமா, அம்மாவின் தம்பி, ஓர் அச்சாபீசில் பிளாக் செய்யும் இருட்டறையில் வேலை பார்த்தார். பத்திரிகையில் படம் போட வேண்டுமானால் முதலில் அந்தப் படத்தைப் படம் பிடித்து, துத்தநாகத் தகட்டில் பதித்து, மருந்தால் அரித்து பிளாக் ஆக்க வேண்டும். பிளாக்கில் எல்லாம் இடம் வலமாக மாறி இருந்தால்தான் காகிதத்தில் நேராக விழும். அதற்காக அந்தக் கேமராவின் லென்ஸுக்கு முன்னால் கண்ணாடி வைத்த ஒரு பித்தளைப் பெட்டி பூட்டியிருப்பார்கள். இடத்தை வலமாக்குவதுதான் அந்தக் கண்ணாடியின் வேலை. பதினாறு வருஷம் அப்படியே பார்த்துப் பார்த்து, மாமாவுக்கு எழுத்தென்றால் மாற்றி எழுதிய எழுத்துத்தான். தினசரியைக்கூட அவர் கண்ணாடியில் பிடித்துத்தான் படிப்பார் என்று அப்பா கேலி செய்வார்.

அச்சாபீசுக்குப் புது லென்ஸ் வந்ததும் பழையதைக் கழித்துப் போட்டார்கள். மாமா அதைக் கேட்டு வாங்கி வந்துவிட்டார். ஏற்கெனவே லென்ஸ் இல்லாத ஒரு பெரிய ஸ்டூடியோ கேமராவை எங்கிருந்தோ பிடித்து, எங்கள் மாடியறையில் போட்டு வைத்திருந்தார். துருத்தி கிழிந்து, கறையான் மோந்து பார்த்துவிட்டுப் போன பெட்டி.

"பிளாக் லென்ஸு காகிதத்தைப் பக்கத்துல வச்சு எடுக்கறதுக்குல்ல மாப்ள. அதுல ஆளை எப்படி எடுப்ப?" என்றார் அப்பா.

"எடுத்துக் காட்டுறேன் மச்சான். இம்புட்டு சுத்தமான கண்ணாடி மதுரையில எந்த ஸ்டூடியோக்காரன்கிட்டயும் கெடையாது."

லென்ஸ் ஒரு கைக்குழந்தை கனம் இருந்தது. அதைத் தாங்கத் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஆசாரியை வைத்து வட்டமாக ஓட்டை போட்டார். தூரத்தில் இருப்பதைப் பார்த்தால் அந்த லென்ஸுக்குக் கண் கலங்கியது. சின்ன ஓட்டை போட்ட தகடு ஒன்றை அதன் பக்கவாட்டுப் பிளவில் செருகினால் தெளிந்துவிட்டது. ஆனால் தகட்டைச் செருகியதும் வெளிச்சம் போதவில்லை. அதனால் பன்னிரண்டு எண்ணும் வரை திறந்து வைக்க வேண்டும். திறந்து மூட விசை எதுவும் கிடையாது. என் அம்மாவின் பவுடர் டப்பா மூடிதான் விசை. பிளவின் வழியே வெளிச்சம் கசியாமல் இருக்க, அக்காவின் கிழிந்த வெல்வெட் ரவிக்கையின் கை அதைச் சுற்றிக் கட்டப்பட்டது. இப்படி எங்கள் குடும்பமே அந்தக் கேமராவில் கலந்துகொண்டது.

கண்ணாடிப் பெட்டியை மட்டும் கழற்ற முடியவில்லை. திருகு துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது. மாமா இரண்டு நாள் முக்கிப் பார்த்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும். இதுவும் நல்லதுக்குத்தான்" என்றார். கண்ணாடி இருப்பதால் கேமரா ஒரு பக்கம் பார்த்து நிற்கும், படம் பக்கவாட்டில் இருப்பதை எடுக்கும். "பொம்பளப் பிள்ளைகளை எடுக்க ரொம்பத் தோது. கேமரா செவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கும், வெக்கமே வராது."

முதல் படம் எதிர்வீட்டு மாவு மில்லின் பெயர்ப்பலகை. மாமா அச்சிட்டு வெயிலில் காயவைத்து, என்னிடம் நீட்டி, "வாசி" என்றார். நான் பார்த்தேன். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

"மாத்தி எழுதியிருக்கு மாமா."

மாமா வாங்கி, தண்ணீர் குடிக்கிற மாதிரி கடகடவென்று வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். "படம் சரியா இருக்கு. ஒன் மூளைதான் மாத்தி இருக்கு. ஏன் பெயிலாகிறன்னு இப்பத்தான தெரியுது."

நான் அதை நம்பினேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் இருவர் ஒன்றையே சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிற அளவுக்கு நான் அப்போது நல்லவன்.

அந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, கூட்டத்தில் ஒத்தக்கடைக்கார அம்மாள் ஒருத்தி அக்காவைப் பார்த்துவிட்டாள். அவள் மகன் ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். பெண் பிடித்திருக்கிறது என்று ஆள் விட்டார்கள். பையனுக்கு லீவு கிடையாது, படம் அனுப்பினால் போதும், சரியென்றால் தையில் வந்து கட்டிக்கொண்டு கூட்டிப்போவான் என்றார்கள். பையனின் படமும் வந்தது. கோட்டுப் போட்டு, பூந்தொட்டி ஒன்றில் கை ஊன்றி நின்றான். அம்மா அதைத் துணிப்பெட்டிக்குள் வைத்தாள். அன்று முதல் அக்காவுக்குத் துணிப்பெட்டியில் ஓயாத வேலை.

ஒருநாள் என் பள்ளிக்கூட அட்லஸைக் கேட்டாள்.

"ரங்கூன் எங்கடா இருக்கு?"

காட்டினேன். கட்டைவிரலை மதுரையில் ஊன்றி, சுண்டுவிரலை எட்டி வைத்துப் பார்த்தாள். "ஒரு சாண்கூட இல்லயே."

"நடுவுல கடல் இருக்குக்கா."

"நீலமாத்தான இருக்கு. அதுல என்ன."

படம் எடுக்க ஸ்டூடியோவுக்குப் போக அப்பா சம்மதிக்கவில்லை. யாரோ ஒரு அந்நியன் அக்காவின் தாடையைத் தொட்டு நிமிர்த்துவதாவது. அதனால் மாமாவின் கேமராவுக்கு வேளை வந்தது. மொட்டைமாடியில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, அக்காவை முக்காலியில் உட்காரவைத்தார்கள். முந்தானையை இரண்டு தோளும் மூடப் போர்த்தச் சொன்னாள் அம்மா. மாமா பவுடர் டப்பா மூடியை எடுத்துவிட்டு எண்ணினார். நான் பின்னால் நின்று குரங்கு சேஷ்டை எல்லாம் செய்தேன். பன்னிரண்டு எண்ணும் வரை அக்கா இமைக்கவில்லை. எப்போதும் சட்டென்று சிரித்துவிடுகிறவள் அன்றைக்கு என்னை ஏமாற்றிவிட்டாள்.

மூன்று பிரதி போட்டார் மாமா. முதலில் அக்காவிடம் காட்டினார். அவள் நன்றாகப் பார்த்துவிட்டு, "கண்ணாடியில பாக்குற மாதிரியே இருக்கு மாமா" என்றாள். அப்படித்தானே இருக்கும்.

அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "என்னமோ மாதிரி இருக்கு தம்பி. ஆனா நல்லாருக்கு."

"படத்துல எல்லாரும் என்னமோ மாதிரித்தாங்க்கா இருப்பாக."

அப்பா, பெற்ற மகளின் படத்தை உற்றுப் பார்ப்பது முறையில்லை என்பதுபோல் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தபாலுக்கு உறை தேடப் போனார்.

என் கைக்கு வந்தது. வழக்கம்போல வலது விரலால் "டிங்" என்று அழுத்தினேன். விரல் அழுத்திய இடத்தில் மச்சம் இல்லை. மூக்கைத் தாண்டி மறுபக்கம் இருந்தது. மூக்குத்தியும் இடம் மாறியிருந்தது.

"என்ன மாப்ள, ஏதாச்சும் கோளாறு இருக்கா?" என்றார் மாமா.

தலையில் வாங்கிய குட்டு ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. ஊரே ஏமாந்து நிற்க, எனக்கு மட்டும் ஒன்று தெரிந்திருக்கிறதே என்கிற குஷி. "ஒண்ணும் இல்ல மாமா. அச்சு அசலா அக்காவேதான்" என்றேன்.

ஒரு படம் ரங்கூனுக்குப் போனது. வயதுக்கு வந்த பிள்ளையின் படம் கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது என்று மற்ற இரண்டையும் அம்மா அடுப்பில் போடச் சொன்னாள். போடப் போனவன் நான். ஒன்றைப் போட்டேன். மற்றதை அட்லஸுக்குள் ஒளித்து வைத்து, பென்சிலைக் கூர்சீவி, அக்காவுக்கு நல்ல முறுக்கு மீசை ஒன்று வரைந்தேன். சித்திரத்தில் எனக்குக் கைவந்தது மீசை மட்டும்தான்.

ஒன்றரை மாதம் கழித்து ஒத்தக்கடையிலிருந்து பையனின் தாய்மாமன் வந்தார். காபி குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "தப்பா எடுத்துக்கிராதீக அண்ணே. ஒங்க தம்பி வீட்டுல, பங்காளி வீட்டுல, இதே சாடையில வேற பொண்ணு இருக்குதா?" என்றார்.

"எதுக்குக் கேக்குறீக?"

"எங்க அக்கா ஆத்துல பாத்த பொண்ணுக்கு எடப்பக்கம் மச்சம். மகனுக்கு அடையாளம் சொல்லி எழுதியிருக்கு. படத்துல இருக்குற பொண்ணுக்கு வலப்பக்கம்னு அவன் எழுதியிருக்கான். ஒண்ணைக் காட்டி ஒண்ணைக் கட்டிவைக்கப் பாக்குறாகளோன்னு அவனுக்கு..."

அப்பாவின் முகம் எங்கள் கடைப் பித்தளைபோல் ஆனது. மாமா குறுக்கே வந்தார். "நான் எடுத்த படம். என் கண்ணால பாத்து அனுப்புனது. அதுல ஒரு தப்பும் இல்ல."

"இல்லாட்டி நல்லதுதான் தம்பி. பிள்ளைய ஒரு தடவை வரச் சொல்லுங்க. நான் பாத்துட்டுச் சொல்லிர்றேன்."

"மாட்டுக்குச் சுழி பாக்குற மாதிரி என் மகளுக்கு மச்சம் பாக்கவா வந்திருக்கீக?" என்று எழுந்தார் அப்பா. "வந்த வழியே போங்க."

உள்கதவுக்குப் பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் நான். பத்தடி தள்ளி அலமாரியில் அட்லஸ் இருந்தது. எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருந்தால் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். ஆனால் படத்தில் மீசை இருந்தது. அடுப்பில் போடாமல் திருடி வைத்ததற்கு ஒன்று, மீசைக்கு ஒன்று, அன்றைக்கு மாமாவிடம் பொய் சொன்னதற்கு ஒன்று என்று விழப்போகும் அடிகளை மனசுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். எல்லாவற்றையும் மீறி வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள்ளிருந்து ஒரு கொட்டாவி வந்தது.

"போய்ப் பாடத்தைப் படிறா" என்றார் அப்பா.

போய்ப் படித்தேன். என் வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்னவுடன் படித்தேன்.

இரண்டு மாதம் கழித்து, கல்யாண ஜோடி ஒன்றைப் படம் எடுத்துக் கொடுக்க, பெண்ணும் மாப்பிள்ளையும் இடம் மாறி உட்கார்ந்திருப்பதாக அவர்கள் சண்டைக்கு வந்தபோதுதான் மாமாவுக்குப் பொறி தட்டியது. அன்று மாலை மாடியில் சுத்தியல் சத்தம் கேட்டது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துக் கண்ணாடிப் பெட்டியை உடைத்தே எடுத்துவிட்டார். கீழே இறங்கி வந்தவர் அக்காவைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குள் ரங்கூன்காரனுக்கு வேறிடத்தில் நிச்சயமாகியிருந்தது. மாமா யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கோழைகள் இருவரும் பல வருஷம் ஒருவரையொருவர் மாப்ள என்றும் மாமா என்றும் கூப்பிட்டுக்கொண்டு நன்றாகவே இருந்தோம்.

பின்னால் யுத்தம் வந்து ரங்கூனில் குண்டு விழுந்தபோது, "அம்புட்டும் நல்லதுக்குத்தான், பிள்ளை தப்பிச்சா" என்று அம்மா சாமிக்கு விளக்கேற்றினாள். அதற்கு முன்பே அக்காவை மேலூர்ப் பக்கம், மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்திருந்தார்கள். நல்ல மனுஷர். சிரிக்கத் தெரியாதவர். அக்காவும் அந்த வீட்டில் அதை மறந்துவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது.

நான் சொல்ல வந்தது அதற்கெல்லாம் முந்திய ஒரு மத்தியானம். ஒத்தக்கடைக்காரர் வந்து போய் நாலைந்து நாள் இருக்கும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் ஓடிவந்தேன். அக்கா உள்ளறையில் கண்ணாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் என் அட்லஸ். கையில் மீசை வைத்த படம். அதைக் கண்ணாடிக்கு நேராகத் திருப்பிப் பிடித்து, கண்ணாடிக்குள் தெரிந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மச்சம் அதன் இடத்துக்கு வந்திருந்தது.

அக்கா திரும்பினாள். முந்தானை நுனியை எச்சிலில் தொட்டு மீசையைத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

"மீசை மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலப் போட்டிருக்கடா" என்றாள்.

அவ்வளவுதான். திட்டவில்லை. அம்மாவைக் கூப்பிடவில்லை. படத்தை எடுத்த பக்கத்திலேயே திரும்ப வைத்தாள். அடி இல்லை என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. பம்பரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். நிலைப்படி தாண்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அக்கா அட்லஸை மூடவில்லை. கட்டைவிரலை மதுரையில் ஊன்றி வைத்திருந்தாள்.

இவள் எதற்கு இன்னும் அந்தப் பக்கத்தையே வைத்துக்கொண்டிருக்கிறாள், எச்சில் கையால் என் புத்தகத்தைக் கறையாக்கிவிடுவாளே என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.