தனியாகத்தான் போவார்

என் அத்தானைக் காட்டிக்கொடுத்தவன் நான்தான். பக்கத்து வீட்டு விமலசேன அல்ல. நான்... அவருடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பி!

என் குடும்பத்தில் எவரும் இதை நம்பமாட்டார்கள். நீங்களாவது நம்புங்கள்.

அத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்கு எழுதுவினைஞராக மாற்றலாகி வந்தவர். ஹந்தானை மலையடிவாரத்தில் வீடு. கடலோரத்தில் பிறந்த மனிதருக்கு மலைமேல் அப்படியொரு பித்து எங்கிருந்து வந்ததோ! ஞாயிறு விடிந்தால் வீட்டில் தங்கமாட்டார்.

குடும்பத்தை மறந்து ஓடுகிறவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மூத்த மகள் முன்னால் நடப்பாள், சின்னவள் அவர் தோளில் இருப்பாள். மானாப்புல்லுக்குள் இறங்குமுன் பிள்ளைகளின் காலில் அட்டை ஏறாதிருக்கச் சவர்க்காரம் பூசிவிடுவார். மகாவலி ஆற்றில் தூண்டில் போட்டுப் பிடித்த மீனை அவரே கழுவி, அவரே பொரித்து, அக்காவைக் கதிரையில் இருத்திப் பரிமாறுவார். அவள் முதல் வாயை மென்று தலையாட்டும்வரை தான் தொடமாட்டார்.

எனக்கு வங்கியில் வேலை கிடைத்தபோது அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். பிள்ளைகள் வராத நாட்களில் அவரோடு மலையேறியவன் நான். தூரத்துப் பறவைகளைப் பார்க்க ஒரு பைனாகுலர் வாங்கிக்கொடுத்தவனும் நான்.

ஆடிக் கலவரத்தில் எங்கள் தெருவுக்குள் ஆட்கள் தடியும் தீயுமாக வந்தபோது, பக்கத்து வீட்டுச் சிங்களவரான விமலசேன எங்கள் எல்லோரையும் தம் சமையலறையில் ஒளித்துவைத்தார். வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, இங்கே தமிழர் யாருமில்லை என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பினார். அதன்பின் அத்தானுக்கு அவர் கூடப்பிறந்தவர் மாதிரி.

பிறகு போர் முற்றியது. நகரத்தில் எங்கு திரும்பினாலும் சோதனை. மலைக்குப் போகவேண்டாம் என்று அக்கா கெஞ்சினாள். "பறவை பாக்கிறதுக்கும் பாஸ் வேணுமோ?" என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. மலைமுகட்டில் பைனாகுலரோடு நின்றவரை இராணுவம் பிடித்துக்கொண்டுபோனது.

மறுநாள் என்னை விசாரணைக்கு அழைத்தார்கள். மேசைமேல் அந்தப் பைனாகுலர் கிடந்தது. உன் அத்தான் மலைக்கு எதற்குப் போகிறார் என்று அதிகாரி கேட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

பறவை பார்க்க, நானும் கூடப் போவேன், இதை வாங்கிக்கொடுத்தவனே நான்தான் என்று சொல்லியிருக்கலாம். உண்மை அவ்வளவுதானே! ஆனால் பக்கத்து அறையில் யாரோ அலறினார்கள்...

"எனக்குத் தெரியாது. தனியாகத்தான் போவார்," என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கக்கூடாதா? "மேலே யாரையோ சந்திக்கிறார் போலிருக்கிறது," என்றும் சொன்னேன். யாரும் கேட்காத கேள்விக்கு நானாகச் சொன்ன பதில்! ஏன் சொன்னேன்? அவரிடமிருந்து என்னைத் தூரமாக்கிக்கொள்ளவா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

என்னைப் போகவிட்டார்கள். அத்தானை இரண்டு வருடம் உள்ளே வைத்திருந்தார்கள்.

அந்த இரண்டு வருடமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவன் நான். சிறைக்குச் சாப்பாடு கொண்டுபோனவன் நான். "நீ இல்லாட்டி நாங்கள் என்ன செய்திருப்பம், தம்பி," என்று அக்கா என் கையைப் பிடித்து அழுவாள். நான் கையை விடுவித்துக்கொள்வேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

திரும்பி வந்த அத்தான் இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். மலைப்பக்கத்து யன்னலைத் திறக்கவிடவில்லை. ஒரு மாலை என்னை அருகில் அழைத்தார்.

"தம்பி, நான் மேல ஆரையோ சந்திக்கிறதெண்டு ஒருத்தன் சொல்லிப்போட்டான். எனக்குக் கிட்டத்து ஆளாம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அடிச்சவங்கள்."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"உன்ர பேரை நான் எடுக்கேல்ல. தனியத்தான் போறனான் எண்டு கடைசிவரைக்கும் சொன்னனான்."

என்னைக் காப்பாற்ற அவர் அதே பொய்யைச் சொல்லியிருக்கிறார்!

"விமலசேனதான், என்ன? நான் வெளிக்கிடுறதை ஒவ்வொரு ஞாயிறும் பாக்கிறவன் அவன்தானே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு சொல் போதும், ஒரு மனிதன் தப்பியிருப்பான்.

"இருக்கும் அத்தான்," என்றேன்.

முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று உங்களிடம் வாதாடலாம். இரண்டாவதுக்கு எந்தச் சாட்டும் இல்லை. என்னை யாரும் அடிக்கவில்லை... பக்கத்து அறையில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

புதுவருடத்துக்குப் பாற்சோறு கொண்டுவந்த விமலசேனவுக்கு அக்கா கதவைத் திறக்கவில்லை. அவர் தட்டை ஏந்தியபடி சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். மறுவருடமும் வந்தார். அதற்கடுத்த வருடம் வரவில்லை.

அத்தான் மலையேறாமலே செத்துப்போனார். செத்தவீட்டன்று விமலசேன வெள்ளை உடுத்தி வேலிப் படலையடியில் வந்து நின்றார். அக்கா பிணத்தின் தலைமாட்டிலிருந்து என்னைப் பார்த்தாள். "அந்தாளைப் போகச் சொல்லு," என்றாள்.

போய்ச் சொன்னேன். நான்தான் போய்ச் சொன்னேன்!

அவர் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: "நான் செய்த பிழை என்ன, மல்லி?" மல்லி என்றால் தம்பி. அத்தானும் என்னைத் தம்பி என்றுதான் அழைப்பார்.

நான் படலையைச் சாத்தினேன்.

அக்கா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். வேலிக்கு அப்பால் விமலசேன இருக்கிறார், கண் மங்கிவிட்டது. இருவரும் உயிரோடிருக்க, நான் உங்களிடம் வந்து சொல்கிறேன்... நீங்கள் அந்த வேலிக்கு எந்தப் பக்கத்திலும் இல்லாதவர் என்பதனால்!