நான்கு பேருக்கு இடம்

பதினெட்டு மைல் என்கிற எங்கள் ஊரில் வெர்னா அத்தையின் தலை தெரிந்தால் பாதிப் பேர் எழுந்து நடையைக் கட்டுவார்கள். பயம் அத்தையைக் கண்டு இல்லை, அவள் கையிலிருக்கும் ஊசியைக் கண்டு. சின்ன வயதில் காய்ச்சல் வந்து இதயம் கெட்டுப்போனவர்கள் எங்களில் அதிகம். அவர்களுக்கு இருபத்தெட்டு நாளைக்கு ஒருமுறை இடுப்பில் பென்சிலின் ஊசி. போட்ட இடம் இரண்டு நாளைக்குக் கல்லை வைத்துக் கட்டியது போலிருக்கும். இருபத்தொரு வருஷமாக அதைப் போடுகிறவள் அத்தைதான். ஓடுகிறவர்களைத் தேடிப் போகும் கிளினிக் வண்டியை ஓட்டுகிறவள் நான்.

அத்தை நர்ஸ் இல்லை, சுகாதாரப் பணியாளர். நர்ஸுகள் எல்லாம் வெளியிலிருந்து வருகிறவர்கள். ஆறு வாரம் இருப்பார்கள், செம்மண் காலணியை விட்டுப் போகுமுன் கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொருத்திக்கும் அத்தை முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். எந்த வீட்டு நாய் கடிக்கும், யாருக்குக் காது கேட்காது, மாமியார் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் மருமகன் ஏன் வரமாட்டான், அவனை ஏன் பின்வாசலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம். அவள் கற்றுக்கொண்டு முடிப்பதற்குள் விமானம் வந்து நிற்கும். அடுத்தவள் இறங்குவாள்.

கிளினிக் எங்களுடையது. ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் நானூற்றிருபது கிலோமீட்டருக்கு வேறு வைத்தியம் கிடையாது என்று எங்கள் பழங்குடி ஜனங்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டு வாங்கியது. டாக்டரை வைப்பதும் அனுப்புவதும் எங்கள் கமிட்டியின் பன்னிரண்டு பேர்தான். ஆனால் சொந்தமாக ஒன்று இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. திட்டுவதற்கு வெளியாள் கிடைக்க மாட்டான். மருந்து வரவில்லையா, வெர்னா. டாக்டர் வரும் விமானம் மழையில் நின்றுவிட்டதா, வெர்னா. கடையில் ரொட்டி வாங்க வரிசையில் நிற்பவளிடம் சட்டையைத் தூக்கிச் சொறி காட்டுவார்கள். "மணி எட்டுக்கு வா" என்பாள் அத்தை. "இப்பதான நீ சும்மா நிக்கிற" என்பார்கள்.

டயாலிசிஸ் விஷயமும் அப்படித்தான் அவள் தலையில் வந்து விழுந்தது.

எங்களில் ஏழு பேர் கிட்னி கெட்டு டவுனில் கிடந்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஐந்து மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப்போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த இயந்திரம் டவுனில்தான் இருந்தது. ஆகவே மனிதர்களும் டவுனில். அத்தையின் தங்கை காலின் ஆறு வருஷமாக அங்கே ஒரு விடுதியில் இருந்தாள். சின்னத்தை என்று நாங்கள் கூப்பிடுவது அவளைத்தான். வாய் ஓயாதவள். அவள் போன பிறகு அத்தையின் வீட்டு முற்றத்தில் சிரிப்புச் சத்தமே இல்லாமல் போய்விட்டது.

கமிட்டி பல வருஷம் அரசாங்கத்தோடு மோதி, கடைசியில் பதினெட்டு மைலுக்கே இரண்டு டயாலிசிஸ் நாற்காலிகளை வரவழைத்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சுத்திகரிக்கத் தனியாக ஒரு கொட்டகை போட்டார்கள். மொய்ரா என்ற நர்ஸ் இரண்டு வருஷம் இருப்பதாகச் சொல்லி வந்தாள். இரண்டு நாற்காலி, ஒரு நர்ஸ், காலையில் இரண்டு பேர், மாலையில் இரண்டு பேர். ஆக நான்கு பேருக்குத்தான் இடம்.

ஏழு பேரில் ஒருவருக்கு இதயம் பலவீனம், ஆஸ்பத்திரியை விட்டு நகரக் கூடாது என்று டாக்டரே நிறுத்திவிட்டார். மிச்சம் ஆறு. யார் அந்த நான்கு பேர் என்று முடிவு செய்ய, கிளினிக்குக்குப் பின்னாலிருக்கும் தழைப் பந்தலின் கீழே கமிட்டி கூடியது. நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

கமிட்டித் தலைவர் எட்கர், டாக்டர் எழுதியனுப்பிய காகிதத்தை அத்தையிடம் நீட்டினார். "கண்ணாடிய வீட்டுல வெச்சுட்டேன். நீயே படி, வெர்னா."

ஒரு வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் டயாலிசிஸைத் தவறவிட்டவர்களை இங்கே அனுப்ப முடியாது என்று அதில் இருந்தது. இங்கே இயந்திரம்தான் உண்டு, ஆஸ்பத்திரி இல்லை. ஒருவர் தவறவிட்டு மூச்சு முட்டினால் விமானம் வந்து தூக்கிப் போகும்வரை உயிர் இருக்க வேண்டும்.

அத்தை ஒவ்வொரு பெயராகப் படித்தாள். முதலில் ஒரு பெரியவர். பிறகு அவர் இறந்துவிட்டார், இறந்தவர் பெயரை நாங்கள் சொல்வதில்லை. அவர் ஒருநாள்கூடத் தவறவில்லை. அடுத்த மூன்று பேரும் ஒன்று, இரண்டோடு சரி. ராய்ஸ் ஏழு தடவை. கடைசிப் பெயருக்கு வந்ததும் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள்.

"காலின், அஞ்சு."

அவள் சொல்லாமல் விட்டிருந்தால் அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

"ஏன் அஞ்சு?" என்றார் எட்கர்.

"ரெண்டு, காய்ச்சல்ல படுத்தது. மூணு, என் வீட்டுக்காரர் சாவுக்கு வந்தது."

அது எல்லோருக்கும் தெரிந்த கதை. மாமா இறந்தபோது சின்னத்தை யாரிடமும் சொல்லாமல் லாரியில் ஏறி வந்துவிட்டாள். எட்டு நாள் அத்தையை விட்டு நகரவில்லை. கால் வீங்கி, முகம் வீங்கி, கடைசியில் விமானத்தில்தான் திரும்பிப் போனாள்.

"அப்ப அந்த மூணைக் கழிச்சிரலாம்" என்றார் எட்கர். "சாவுக்கு வராம எப்படி இருக்க முடியும்?"

பந்தலில் தலைகள் ஆடின. அத்தை காகிதத்தை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"ராய்ஸும் சாவுக்குத்தான் வந்தான். அவன் அம்மா சாவுக்கு, தம்பி சாவுக்கு. அதையும் கழிப்பியா? நம்ம ஊருல மாசம் ஒரு சாவு. கழிச்சுக்கிட்டே போனா, அடுத்த சாவு அவங்களோடதா இருக்கும். அப்ப அவங்க மூச்சுக்குத் தவிக்கறப்ப பக்கத்துல நிக்கப்போறது நான். நீங்க இல்ல."

எட்கர் தொப்பியை எடுத்துத் தலையைத் தடவிக்கொண்டார். "உன் கூடப்பொறந்தவ."

"தெரியும்."

அன்று நான் போட்ட டீயை யாரும் குடிக்கவில்லை.

தங்கையிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்றாள் அத்தை. மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். ரோடு முழுக்க வரிவரியாக மண்மேடு, ஒரே குலுக்கல். பல் ஆடியது, வண்டியிலிருந்த மருந்துப் பெட்டி ஆடியது, அத்தை மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மடியில், காகிதத்தில் சுற்றிய கங்காருவின் வால் ஒன்று இருந்தது. முந்தின நாள் தணலில் சுட்டது.

விடுதி முற்றத்தில் மரத்தடியில் சின்னத்தை சீட்டாடிக்கொண்டிருந்தாள். வண்டியைக் கண்டதும் கையை உயர்த்தினாள்.

"என்ன, ஒரு வண்டிதானா? என் மூட்டையே ரெண்டு வண்டி வரும்!" கூட ஆடியவர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்து, "நீ ஓட்டியா வந்த? அப்ப வர்ற வழியில எத்தன மாடு செத்துச்சு?" என்றாள்.

அத்தை உட்காரவில்லை. "உன் பேரு வரல, காலின்."

சின்னத்தை கையிலிருந்த சீட்டுகளை ஒழுங்காக அடுக்கித் தரையில் கவிழ்த்து வைத்தாள். சீட்டாடியவர்கள் மெல்ல எழுந்து போனார்கள்.

"யாரு சொன்னா?"

"கமிட்டி."

"கமிட்டிகிட்ட யாரு சொன்னா?"

"நான்தான். அஞ்சு நாள் தவறிட்டன்னு."

"அதுல மூணு நாள் நான் எங்க இருந்தேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"உன் தலைய என் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எந்திரிச்சா நீ முழிச்சுக்குவன்னு கால்கூட நீட்டல. அதச் சொன்னியா?"

அத்தை காகிதத்தில் சுற்றிய வாலை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"கவர்மெண்டுக்காரன் வந்து சொல்லியிருந்தா கல்ல எடுத்து அடிச்சிருப்பேன்" என்றாள் சின்னத்தை. குரல் உயரவே இல்லை. "உன்னை நான் என்ன பண்றது? போ. போயிரு."

அத்தை வாலை நீட்டினாள். சின்னத்தை வாலை வாங்கிக்கொண்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்ததும், "நிறுத்து" என்றாள் அத்தை. இறங்கி வண்டி நிழலில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"நான் விட்டுடறேன்" என்றாள்.

"எதை?"

"வேலையத்தான். வேற எங்கிட்ட என்ன இருக்கு?"

சொன்னபடியே திங்கட்கிழமை கிளினிக் சாவிக்கொத்தை எட்கரின் முன்னால் வைத்தாள். எட்கர் அதைத் தொடவில்லை. "சரி, போ. உன்னைக் கட்டிப்போட முடியுமா? ஆனா இதை யாருகிட்ட குடுக்கணும்னு ஒரு பேரு சொல்லிட்டுப் போ."

அத்தை யோசித்தாள். அவள் பயிற்சி கொடுத்த மூன்று பெண்களில் ஒருத்தி டவுனுக்குப் போய்விட்டாள், ஒருத்திக்குக் கைக்குழந்தை, ஒருத்திக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம். அவள் யோசித்து முடிப்பதற்குள் வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். அத்தை சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். ராஜினாமா அதோடு முடிந்தது.

நான்கு பேரும் ஊர் திரும்பிய நாளில் ஊரே அழுதது. அந்தப் பெரியவர் வண்டியிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்றார், வெகுநேரம் நகரவில்லை. அத்தை கூட்டத்துக்குப் பின்னால் ரத்த அழுத்தம் பார்க்கும் பையோடு காத்திருந்தாள். அவளைப் பற்றி ஊரில் ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகச் சொன்னார்கள். "சொந்தத் தங்கச்சியையே விடல" என்று மெச்சியும் சொன்னார்கள், ஏசியும் சொன்னார்கள். இரண்டும் அவள் காதில் விழுந்தது.

சின்னத்தை போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் டவுனிலிருந்து நோயாளிகளின் வருகைக் காகிதம் வரும். அத்தை முதலில் பார்ப்பது அதைத்தான். காலின், வந்தார். வந்தார். வந்தார். தங்கையிடமிருந்து அவளுக்கு வந்த கடிதம் அவ்வளவுதான். நடுவில் எங்கள் குடும்பத்திலேயே ஒரு சாவு விழுந்தது. சின்னத்தை வரவில்லை. சாவுக்கு வராதவள் என்று அவளை ஏசாதவர் இல்லை. அந்த வாரக் காகிதத்திலும் மூன்று முறை 'வந்தார்' என்றிருந்தது. அத்தை அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

எட்டு மாதம் இப்படியே போனது. குளிர்காலத்தில் அந்தப் பெரியவர் இறந்தார். தன் வீட்டு நெருப்புக்குப் பக்கத்தில், பேரன் பேத்திகள் சுற்றியிருக்க, காலை வெயிலில். டவுனில் சாகக் கூடாது என்பதுதான் அவர் கேட்டது. அது நடந்தது. அவர் ஆவி அங்கேயே தங்கிவிடாமலிருக்க வீட்டைக் காலி செய்தார்கள், பச்சை இலை போட்டுப் புகை காட்டினார்கள். மூன்று வாரம் நாற்காலியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் அவர் செத்ததில் லாபம் பார்த்தது போலாகிவிடும்.

பிறகு கமிட்டி கூடியது. ராய்ஸ் அதற்குள் மகளோடு தெற்கே போய்விட்டிருந்தார். அத்தை காகிதத்தை எட்கரிடம் கொடுத்து, "இந்தத் தடவை கண்ணாடிய போட்டுக்கிட்டு நீயே படி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று என்னோடு சேர்ந்து பார்த்தாள். நான்கு டயரையும் இரண்டு தடவை பார்த்தாள்.

எட்கர் பந்தலிலிருந்தே கத்தினார். "எட்டு மாசத்துல ஒண்ணுகூடத் தவறல! வரச் சொல்லு அவளை!"

கூட்டிவர நான் மட்டும்தான் போனேன். சின்னத்தையின் வருகைக்கு யாரும் கூடவில்லை. துக்கம் இன்னும் ஓயவில்லை. அவளும் இறங்கி, இரண்டு மூட்டையையும் தானே இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் திங்கட்கிழமை, நாற்காலியில் உட்காருமுன் என்னைக் கேட்டாள். "இதுக்குப் புகை போட்டாச்சா?"

"போட்டாச்சு, சின்னத்தை."

மொய்ரா ஊசிகளைக் குத்திக் குழாய்களை மாட்டினாள். இயந்திரம் சுற்றத் தொடங்கியது. அத்தை வாசற்படியில் வந்து நின்றாள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. கண்ணுக்குக் கீழே கருத்து, தோள் தொங்கி, முந்தின வாரம் முழுக்கச் சரியாகத் தூங்காத முகம்.

சின்னத்தை சன்னலைப் பார்த்தபடியே, "ஏன் அங்க எழவு வீட்டு நாய் மாதிரி நிக்கிற? வந்து உக்காரு" என்றாள்.

அத்தை பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பேசாத. எனக்கு இன்னும் கோவம் போகல."

பத்து நிமிஷத்தில் அத்தையின் தலை சாய்ந்து சுவரில் முட்டியது. சின்னத்தை குழாய் இல்லாத கையால் தன் போர்வையை எடுத்து என்னிடம் எறிந்தாள். நான் அதை மடித்து அத்தையின் தலைக்கு அண்டை கொடுத்தேன்.

சற்றைக்கெல்லாம் கதவைத் தட்டிக்கொண்டு கிளிஃப்டன் வந்தான். ஊசிக்குப் பயந்து மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருந்தவன், அன்று பார்த்து தானாக வந்திருந்தான். "வெர்னா எங்க?"

"இல்ல" என்றாள் சின்னத்தை.

"அதோ இருக்காளே!"

"அது என் அக்கா. உங்க வெர்னா இல்ல. மத்தியானத்துக்கு மேல வா."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனை வெளியே கூட்டிப்போய், ஓடிவிடாமலிருக்க டீ கொடுத்து வண்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அத்தை ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். எழுந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவனுக்கு ஊசி போட்டாள்.