டேங்க் மூடியும் பாயின் குச்சியும்

டீசலின் ருசி உங்களில் யாருக்காவது தெரியுமா? முதலில் நாக்கு நுனியில் கசக்கும். அப்புறம் தொண்டையில் ஒரு பிசுக்கு ஏறும்... அன்றைக்குப் பிரியாணியே சாப்பிட்டாலும் டீசல் வாசம்தான். டேங்கிலிருந்து டீசல் எடுக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சும்போது நான் விழுங்கிய டீசலில் ஒரு லாரி சென்னைக்குப் போய்த் திரும்பியிருக்கும். என் பக்கத்தில் நின்று பீடி பற்றவைக்கவே ஆட்கள் பயப்படுவார்கள்.

படிப்பு எட்டாவது வரைதான். ஆனால் வேலூர் மெக்கானிக்குகளே என்னிடம் வந்து யோசனை கேட்டுப் போவார்கள். பொய் என்பவர்கள் அவர்களையே விசாரித்துக்கொள்ளலாம்... இப்போது யாரும் உயிரோடு இல்லை, அது வேறு விஷயம்.

அப்போது நான் வாணியம்பாடி இப்ராகிம் பாயிடம் டிரைவர். பழைய டீசல் லாரி. ஆலங்காயத்தில் அரிசி, உப்பு ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போவோம். இறங்கும்போது புளியும் பலாப்பழமும். பாயும் கேபினில் கூடவே வருவார். மலைக்கு பஸ் குறைவு. அதனால் மேலே பால்வாடியில் டீச்சராக இருந்த மல்லிகாவும் திங்கட்கிழமைகளில் எங்கள் வண்டியில்தான் ஏறுவாள்.

வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. கீழே குதிரை மாதிரி கிளம்பும். ஏற்றத்தில் கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறையும், இருமும், பொட்டென்று நின்றுவிடும். டேங்கில் டீசல் இருக்கிறது, இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை... அதுவரை எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஏன் சேரவில்லை என்பதுதான் பிடிபடவில்லை. ஃபில்டரை மாற்றினேன். பைப்பை மாற்றினேன். காற்று நுழையக்கூடிய இடத்து நட்டையெல்லாம் என் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். (என் பலம் அப்போது இரண்டு ஆள் பலம்.)

நின்ற இடத்திலெல்லாம் ஒரே சடங்கு. நான் கைப்பம்பை அடித்து டீசல் பைப்பில் இருக்கும் காற்றை வெளியேற்றுவேன். பாய் டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டு டீசலை அளப்பார். டிரைவர் என்றால் டீசல் திருடுவான் என்பது அவர் எண்ணம்.

"நம்ம மேலயே சந்தேகமா பாய்?"

"உம்மேல இல்லப்பா. உன் டியூப் மேல."

அப்புறம் வண்டி கிளம்பும். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நிற்கும்.

ஒரு திங்கட்கிழமை பாய் முடிவாகச் சொல்லிவிட்டார். "இன்னிக்கும் வழியில நின்னுதுன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். ஆள் பேசியாச்சு."

வண்டி போனால் வேலை போகும். திங்கட்கிழமையும் போகும்...

பாதி மலையில் நின்றுவிட்டது.

நான் பம்பில் கை வைத்தேன். பாய் குச்சியோடு இறங்கினார். மல்லிகாவும் இறங்கி அவர் பக்கத்தில் நின்றாள்.

"பாய், மூடிய தொறக்கறப்போ உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே, அது இன்னா?"

"டேங்க்கும்மா அது. சத்தம் போடும்."

"இல்ல பாய். எங்க புள்ளைங்க காலி சீசாவ வாயில வச்சி உறிஞ்சுதுங்களே, உதட்டப் புடிச்சிக்கும். எடுத்தா இப்படித்தான் சத்தம் வரும்."

நான் பம்பை விட்டுவிட்டு மூடியை வாங்கிப் பார்த்தேன். பழைய மூடி தொலைந்ததும் பாய் வேறொன்று வாங்கி, டீசல் சிந்தவும் கூடாது, திருடன் சுலபமாகத் திறக்கவும் கூடாதென்று சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே இறுக்கியிருந்தார். காற்று போகிற சின்ன ஓட்டை அதில் அடைபட்டிருந்தது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்க் டீசலை விடாது. அத்தனை நாளும் வண்டியைக் கிளப்பியது என் பம்பு இல்லை, சந்தேகப்பட்டு மூடியைத் திறந்த பாயின் கைதான்.

எனக்கு முன்னாலேயே ஒரு சந்தேகம் இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இதில் இன்று வரை வீட்டில் சண்டை. "எழுதிக்கோங்க, நீங்கதான் கண்டுபுடிச்சீங்க. நான் சும்மா கேட்டேன்" என்கிறாள் மல்லிகா.

"ரப்பர எடுத்துடறேன் பாய்" என்றேன்.

"டீசல் சிந்துமேப்பா."

"இரும்புக்குப் போற வண்டிக்கு சிந்துனா இன்னா பாய்?"

மல்லிகா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றித் தந்தாள். ரப்பரைப் பிய்த்தெடுத்து, மூடியின் ஓட்டையையும் குத்திவிட்டு ஏறினோம். வழக்கமாக நிற்கிற இடமெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது... போனது. பாய் மடியில் குச்சியை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

மேலே போய் நிறுத்தியதும் இறங்கி, அப்போதும் ஒரு தடவை அளந்தார். "சரியாத்தான் கீது" என்றார். அப்புறம் என்னிடம், "இரும்புக்காரன் வந்தான்னா வண்டி ஊர்ல இல்லன்னு சொல்லிடு."

வண்டி அதற்கப்புறம் பல வருஷம் ஓடியது. எங்கள் கல்யாணத்துக்கு ஜனங்களை மலையிலிருந்து இறக்கியதும் அதுதான். வாழைமரம் கட்டி, பாயே முன்னால் உட்கார்ந்து வந்தார்.

இப்போது மருமகன் புது வண்டி வைத்திருக்கிறார். கோளாறு என்றால் முன்னால் ஒரு விளக்கு எரியும். வயரைச் செருகினால் இன்னது என்று திரையில் எழுத்தாகவே வந்துவிடும். நல்ல வசதி, குறை சொல்ல மாட்டேன்.

போன மாசம் அந்த வண்டியில் மலை ஏறினோம். ஏற்றம் என்பதே தெரியவில்லை. யாரும் இறங்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. மல்லிகா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாமா என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது...

வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எதைச் சொல்லி நிறுத்தச் சொல்வது?