நிற்காத கப்பல்

1998 மார்ச், காலை ஒன்பது நாற்பது. கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கிரீன் கார்டு விண்ணப்பம். பிறகுதான் அதைப் பிடித்திருந்த கை. நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் அந்த நேரத்துக்கு பார்க்கிங் காலியாகிவிடும். என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. எங்கள் கட்டடத்தில் பகலில் மிஞ்சுவது நானும், மகனோடு இருக்க வந்த கீழ்வீட்டு அங்கிளும்தான். சென்னையில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் நிருபராக இருந்தவள் என்பதால் படிவம் நிரப்ப என்னிடம் வருவார்கள். வாசலில் நின்ற அங்கிள் அதுவரை என்னிடம் பேசியது குளிரைப் பற்றி மட்டும்.

ஒரு கட்டம் தவிர எல்லாம் நிரம்பியிருந்தது. வெளிநாட்டு ராணுவத்தில் இருந்ததுண்டா? 'இல்லை' என்று போடச் சொல்லியிருந்தார் மகன். உண்டு என்றால் கேள்வி கேட்டு இழுத்தடிப்பார்களோ என்று பயம். அங்கிளுக்கு மனம் ஒப்பவில்லை.

உலகப் போரில் மூன்று வருடம் பிரிட்டிஷ் இந்தியக் கடற்படையின் ஒரு சின்னக் காவல் கப்பலில் இருந்திருக்கிறார். பாரசீக வளைகுடாவிலிருந்து பம்பாய்க்கு வரும் எண்ணெய்க் கப்பல்களுக்கு அது துணை. கூட்டத்தில் எது மெதுவோ அதன் வேகம்தான் எல்லாவற்றுக்கும். நான்கு மணி நேரம் நின்றபடி பைனாகுலரில் கடலைப் பார்ப்பது அவர் வேலை. பழைய பழக்கத்தில் குறித்துக்கொண்டே கேட்டேன். ஒரு விடியலில் டேங்கர் ஒன்று டார்ப்பிடோ பட்டு எரிந்தது. தண்ணீரில் ஆட்கள் கிடப்பதை முதலில் பார்த்துச் சொன்னவர் இவர்.

"தூக்கினீங்களா அங்கிள்?"

"நிக்கலைம்மா. சப்மரீனைத் தேடுன்னு ஆர்டர். பக்கத்துலயே போனோம். ஒருத்தன் கையைக்கூட ஆட்டலை, எங்களையே பார்த்துட்டிருந்தான்." காலிக் கட்டத்தைத் தொட்டுச் சொன்னார்: "நான் கப்பல்லயே இல்லைன்னு போட்டா, அவனை யாருமே பாக்கலைன்னு ஆயிடும்ல?"

செத்துப்போன மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லையாம்.

கப்பலின் பெயர், வருடங்கள், பணி மூன்றையும் எழுதினேன். தண்ணீரில் கிடந்தவனுக்குக் கட்டத்தில் இடமில்லை. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். காபி வேண்டாம் என்றார், பிறகு குடித்தார்.

மாலை ஆறரைக்கு மகன் வந்தார், கழுத்தில் ஆபீஸ் அட்டையும் கையில் நான் நிரப்பிய படிவமுமாக. கோபமில்லை.

"அப்பாவை இங்க வச்சுக்கணும், வேற ஒண்ணுமில்லைங்க. ஊர்ல அவருக்கு யாருமில்லை. பிளாங்க் ஃபார்ம் எக்ஸ்ட்ரா இருக்கா?"

என்னிடம் ஒன்று இருந்தது. கொடுத்தேன்.