ஓவசியரின் புகைக்கூடு

என் அத்தான் கனகரத்தினம் வாழ்க்கையில் ஒரு பிழையும் விட்டதில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். வீதி வேலைப் பகுதியில் முப்பத்தொரு வருடம் ஓவசியராக இருந்தவர். மதில், மதகு, கிணற்றுக்கட்டு எதுவானாலும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "கால் அங்குலம் சரிஞ்சிருக்கு" என்பார். நூல் பிடித்துப் பார்த்தால் உண்மையாகவே சரிந்திருக்கும். எனக்கு எரிச்சல் அதில்தான்.

என் மூத்த அக்கா மீனாம்பிகையை அவர் எண்பத்திரண்டில் கட்டினார். இணுவிலில் எங்கள் காணியின் தெற்குப் பாதியில் அவர்களுக்கு வீடு எழும்பியது. சுவரை மேசனிடம் விட்டார், கூரையைத் தச்சனிடம் விட்டார். குசினியின் புகைக்கூட்டை மட்டும் ஒருவரையும் தொட விடவில்லை. பதினொரு நாள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கல்லாக அவரே வைத்தார். மேலே போகப் போக ஒடுங்கி, உச்சியில் ஒரு சாண் வாய். வாடைக்காற்று திருப்பி அடிக்காமல் வடக்கே ஒரு தடுப்பு. பால் காய்ச்சிய அன்று விருந்துக்கு வந்த எல்லோரையும் ஒழுங்கைக்குக் கூட்டிக்கொண்டு போய், புகை நேரே மேலே போவதைக் காட்டினார். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பசியோடு நின்று நானும் பார்த்தேன்.

வருடா வருடம் புரட்டாதிச் சனி முடிந்து, மாரி தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் அவர் கூரையில் ஏறுவார். காவோலையைச் சுருட்டிக் கல்லோடு சேர்த்துக் கயிற்றில் கட்டி, புகைக்கூட்டுக்குள் இறக்கி இழுப்பார். கீழே அக்கா அடுப்பை ஈரச் சாக்கால் மூடிவிட்டுப் பக்கத்தில் குந்தியிருப்பா. ஏணியைப் பிடிப்பது என் வேலை.

"வருதோ?" என்று அத்தான் மேலிருந்து கூட்டுக்குள் கத்துவார்.

"வருது, வருது" என்று கீழிருந்து அக்காவின் குரல் வரும். வருவது கூட்டில் படிந்த அட்டக்கரி.

கரியோடு ஊர்ப்புதினமும் போய் வரும். யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள், பின்னேரம் என்ன கறி, எல்லாம் அந்த ஒரு சாண் வாய்க்குள்ளால்தான். முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கதைக்காத மனுசன் அங்கே நின்று நாற்பது கதைப்பார். ஓவசியருக்குப் பெண்சாதியோடு கதைக்க வேண்டுமானால் கூரையில் ஏற வேண்டும் என்று அயலில் சிரிப்பார்கள். அந்த நாள்களில் வேலை முடிந்தால் மூன்று பேருக்கும் கரி பூசிய முகம், ஒரே கிணற்றடி, ஒரே சவர்க்காரக் கட்டி.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் சண்டை நெருங்க, வலிகாமமே எழும்பி நடந்தது. நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டில் யன்னல் இல்லை, கதவு இல்லை, தண்ணீர் இறைக்கும் மெசின் இல்லை. அக்கா எல்லாவற்றுக்கும் பெருமூச்சு விட்டா. ஆனால் மா போட்டுவைக்கும் மாத்தகரம் இருந்து அதன் மூடி இல்லாமற் போனதற்கு மட்டும் வாய்விட்டுத் திட்டினா.

"மூடியைக் கொண்டுபோய் என்ன செய்யப் போறாங்கள், நாசமாய்ப் போவாங்கள்! இனி மாவெல்லாம் வண்டு பிடிக்கப் போகுது."

அதற்குப் பிறகு புகைக்கூடு துப்புரவு செய்ய யாரும் ஏறவில்லை. எங்கள் ஒழுங்கை முகப்பில் ஆமியின் காவலரண். அந்த நாளில் கூரையில் ஏறி நிற்க யாருக்கும் துணிவில்லை. ஆனால் குசினிக்குள் புகை முட்டத் தொடங்கியது. அடுப்பில் நெருப்பு வைத்தால் பத்து நிமிடத்தில் ஆளை ஆள் தெரியாது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கறி கூட்டுவா.

"என்ரை புகைக்கூட்டிலை ஒரு பிழையுமில்லை. உமக்கு அடுப்பு மூட்டத் தெரியேல்லை. ஈர விறகை வைச்சால் புகையாமல் பூக்குமோ?" என்பார் அத்தான்.

வீட்டுக்குள் சொன்னாலும் பரவாயில்லை. கலியாண வீட்டில், செத்த வீட்டில், கந்தசுவாமி கோயில் வீதியில் நின்றும் சொல்வார். அக்கா சிரித்துக்கொண்டு நிற்பா. அவ பூவரசையும் பனைமட்டையையும் முற்றத்தில் பரப்பி வெயில் காய வைத்ததை நான் கண்ணால் கண்டவன். நானும் வாய் திறக்கவில்லை. ஓவசியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கும் பழகிவிட்டிருந்தது.

நாலைந்து வருடத்தில் அக்காவுக்கு இருமல் வந்தது. பிறகு முட்டு வந்தது. மாரி காலத்தில் கட்டிலில் நிமிர்ந்து இருந்தபடி விடியும்வரை மூச்சை இழுப்பா. புகை படவே கூடாது என்று டொக்டர் சொன்னார். அவர்களின் ஒரே மகள் தனுஷிகா கொழும்பில் வேலை கிடைத்ததும் முதலில் வாங்கித் தந்தது கேஸ் அடுப்பு. பழைய அடுப்பின் மேல் சட்டிபானை அடுக்கினோம். புகைக்கூட்டையும் மறந்துவிட்டோம்.

பிறகு கேஸுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம் வந்தது. அக்கா மாமரத்துக்குக் கீழே மூன்று கல்லை வைத்துச் சமைக்கத் தொடங்கினா. வெட்டவெளி, புகை தன் பாட்டில் போனது. கேஸ் திரும்பி வந்தபோதும் அவ அதைத் தொடவில்லை. அங்கே இங்கே அடுப்பு வெடித்ததாகச் செய்தி கேட்டிருந்தா.

"நான் கேட்ட வெடிச்சத்தம் போதும். இனிக் குசினிக்குள்ளையும் கேக்கேலாது" என்றா. அதற்கு மேல் அவவோடு வாதாட முடியவில்லை.

ஐப்பசி பிறந்து வானம் இருளத் தொடங்கியதும் தனுஷிகா தொலைபேசியில் முடிவாகச் சொல்லிவிட்டாள். "மழைக்கு அம்மா குசினிக்குள்ளை போய் விறகு வைச்சால் உயிர் தப்பாது. வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போறன். அப்பாவும் வந்தால் வரட்டும்."

அத்தான் கொழும்புக்கு வரமாட்டார். அங்கே மாடி வீட்டில் ஒரு கிழமை இருந்துவிட்டு, சுவரெல்லாம் சரிவு என்று சொல்லித் திரும்பி வந்தவர். அக்காவுக்கும் போக மனமில்லை. ஆனால் போகாதே என்று அத்தான் சொல்லவுமில்லை. நாற்பது வருடத்தில் அக்கா இல்லாமல் ஒரு தேத்தண்ணிகூடப் போட்டுக் குடிக்காத மனுசன், "உம்மடை விருப்பம்" என்று சொல்லிவிட்டு மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பையை எடுத்துச் சீலைகளை அடுக்கினா. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

புதன்கிழமை காலை என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். "தாசன், ஏணியைக் கொண்டு வா. புகைக்கூட்டைத் துப்புரவாக்குவம்."

"எழுபத்தொரு வயசிலை கூரையிலையோ அத்தான்? ஆரையும் பிடிப்பம்."

"என்ரை புகைக்கூட்டிலை ஆரும் கை வைக்கேலாது."

ஏறினார். ஒவ்வொரு படிக்கும் அவருடைய முழங்கால் முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. கீழே அக்கா சட்டிபானைகளை அகற்றி, பழையபடி அடுப்பை ஈரச் சாக்கால் மூடினா. அத்தான் காவோலையை இறக்கினார். கயிறு ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை.

"குருவிக்கூடு அடைச்சிருக்கு" என்றார். சுள்ளியையும் தும்பையும் கைகையாக அள்ளி எறிந்தார். பிறகு என்னிடம் அலவாங்குக் கம்பியை வாங்கிக் குத்தினார்.

'டங்' என்றது. தகரச் சத்தம்.

அத்தானின் கை அப்படியே நின்றது. பிறகு ஒருதரம் ஓங்கிக் குத்தினார். ஏதோ உரசிக்கொண்டு உள்ளே போய், அடுப்பின் மேல் விழுந்த ஓசை வந்தது.

பிறகு குசினியிலிருந்து அக்காவின் குரல். "இஞ்சாருங்கோ, இது என்ரை மாத்தகரத்தின்ரை மூடியெல்லோ?"

எனக்கு அந்த நிமிடம்தான் நினைவு வந்தது. தொண்ணூற்றைந்து ஐப்பசி. ஆமியின் ஹெலி சுற்றிக்கொண்டிருந்தது. புகை கிளம்பும் வீட்டைப் பார்த்துச் சுடுகிறான் என்று ஒரு கதை. இரண்டு நாள் பாண் தின்போம், சமைக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, விடியற்புறம் அத்தான் சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு கூரையில் ஏறி, அதைக் கூட்டின் வாய்க்குள் திணித்தார். தப்பித்தவறி யாரும் நெருப்பு வைத்தாலும் புகை வெளியே தெரியக்கூடாது என்று என்னிடம் சொன்னார். "ரெண்டு நாளிலை எடுத்துப்போடுவன்" என்றார். அந்த இரண்டாம் நாள் நாங்கள் வீட்டைவிட்டு நடந்தோம். அன்றைக்கும் ஏணியைப் பிடித்தவன் நான்தான். அவர் மறந்தார், நானும் மறந்தேன். அக்காவுக்கு அது தெரியவே தெரியாது. அவ புகையைத் தின்றுகொண்டு தனக்கு அடுப்பு மூட்டத் தெரியாது என்று நம்பினா.

நிமிர்ந்து பார்த்தேன். அத்தான் புகைக்கூட்டைக் கட்டிப் பிடித்தபடி நின்றார். முகம் கரி, வாய் திறந்திருந்தது. எப்படி இறங்கப் போகிறாரோ என்று பயந்தேன். ஆனால் அவர் இறங்கவில்லை. காவோலையை அடிவரை விட்டு நாலுதரம் இழுத்தார். பிறகு கூட்டுக்குள் குனிந்து மெல்லச் சொன்னார்.

"மீனா, அடுப்பை மூட்டும்."

அக்கா தென்னம் பன்னாடையில் நெருப்பு வைத்திருக்க வேண்டும். முதற்புகை அத்தானின் முகத்தில் அடித்தது. இருமினாரே தவிர, முகத்தைத் திருப்பவில்லை.

"வருதோ?" என்று கீழிருந்து அக்கா கேட்டா.

"வருது" என்றார் அத்தான். புகைக்குள் நின்றபடி இன்னொருதரம் சொன்னார், "வருது." பிறகு, "மீனா, பிழை என்னிலைதான். விறகிலையுமில்லை, உம்மிலையுமில்லை."

கீழிருந்து அக்காவின் குரல் வந்தது.

"என்ன? கேக்கேல்லை."

அத்தான் இம்முறை நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினார். "பிழை என்னிலைதான் எண்டு சொல்லுறன்! உமக்கு அடுப்பு மூட்டத் தெரியும்! நீர் கொழும்புக்குப் போகவேண்டாம், மீனா!"

ஏணியை விட்டுவிட்டுக் குசினிக்குள் ஓடினேன். உள்ளே புகை ஒரு இழைகூட இல்லை. அடுப்பு நின்று எரிந்தது. அக்கா பக்கத்தில் குந்தியிருந்தா. மடியில் அந்தத் துருப்பிடித்த மூடி. இரண்டு கன்னத்திலும் கண்ணீர். என்னைக் கண்டதும் பேசாமல் இரு என்று கையைக் காட்டினா. பிறகு கூட்டை அண்ணாந்து பார்த்துக் கத்தினா.

"கேக்கேல்லை! இன்னொருக்காச் சொல்லுங்கோ!"