வெள்ளைச் சட்டையும் கார்க் கண்ணாடியும்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கட்டாரில் கட்டட வேலைக்குக் கல் சுமந்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் கல்லாவில் இருந்தேன். நடுவில் சில மாதம் படுக்க இடமில்லாமலும் இருந்தேன். இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறேன். ஆனால் படித்தவர்கள் பலரைவிட எனக்குக் கார்க் கண்ணாடியைப் பற்றி நன்றாகத் தெரியும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சங்கீத டீச்சரைப் பிற்பகல்களில் வகுப்பெடுக்க வெள்ளவத்தைக்கு ஏற்றிப்போவேன். வெயில் பட்டால் கன்னமும் கையும் தடித்து மூட்டு வீங்கிவிடும் நோய் அவருக்கு. கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு வந்தும் தடித்தது. இப்படியே போனால் வகுப்பை விட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தனியாக வாழும் அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதே அந்த வகுப்புக்காகத்தான்.

நான் பக்கக் கண்ணாடிகளில் கன்னங்கரேலென்று மலிவான தாள் ஒட்டினேன். பொலிஸ் மறித்துச் சீக்கிரம் உரித்துவிடச் சொன்னது ஒருபுறம் இருக்க, தடிப்பும் குறையவில்லை. கறுப்பு மறைப்பது வெளிச்சத்தை மட்டும்தானோ, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் உள்ளே வருகிறதோ என்று சந்தேகம் வந்தது.

புடவைக்கடைக் கல்லாவில் கள்ள நோட்டுப் பார்க்க ஒரு புற ஊதா விளக்கு வைத்திருந்தோம். அந்தக் கதிர் பட்டால் என் வெள்ளைச் சட்டை நீலமாக ஒளிரும். பழைய முதலாளியிடம் அதை இரவல் வாங்கிக்கொண்டு, மருதானையில் கண்ணாடித்தாள் ஒட்டும் கடைக்குப் போனேன்.

"என்ன மல்லி, கள்ள நோட்டுத் தேடி என்ட கடைக்கா வந்தீங்க?" என்றார் கடைக்கார நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்; அவருக்கு நான் மல்லி, சிங்களத்தில் தம்பி.

காரை உள்ளே விட்டு, இருட்டாவதற்காக ஷட்டரை இறக்கச் சொன்னேன். காருக்குள் என் வெள்ளைச் சட்டையை விரித்து, வெளியிலிருந்து விளக்கைப் பிடித்தேன். முன்கண்ணாடிக்குப் பின்னால் சட்டை ஒளிரவில்லை. அது இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது என்றார் நானா. பக்கக் கண்ணாடி ஒற்றை. அதற்குப் பின்னால், கறுப்புத் தாள் இருந்தும், சட்டை மங்கலாக ஒளிர்ந்தது.

நானா சிரிப்பை நிறுத்தினார். கடையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். கடைசியில் தண்ணீர்போலத் தெளிவான ஒரு தாள் அந்த ஒளியை அடியோடு நிறுத்தியது. கறுப்பை உரித்துவிட்டு அதையே பக்கங்களிலும் பின்கண்ணாடியிலும் ஒட்டினோம்.

"ஒண்டும் ஒட்டேல்லையே, தம்பி?" என்று கேட்டார் டீச்சர். விளக்கை அவர் கையில் கொடுத்தேன். அவரே வெளியிலிருந்து பிடித்துப் பார்த்தார்; உள்ளே சட்டை ஒளிரவில்லை.

வெயிலுக்குப் பூசும் களிம்பையும் நீளக் கைச் சட்டையையும் அவர் விடவில்லை. ஆனாலும் அடுத்த இரண்டு மாதம் கார்ப் பயணத்தால் தடிப்பு வரவில்லை. வகுப்பைத் தொடரலாம் என்றார் டாக்டர். இதைக் கண்டுபிடித்தது யார் என்றும் கேட்டாராம்.

"எங்கட டிரைவர் தம்பியெண்டு சொன்னனான்" என்றார் டீச்சர், காரில் ஏறிக்கொண்டே. "இண்டைக்குக் கடற்கரை றோட்டால போங்கோ."

நல்ல வெயில். நான் கடல் பக்கம் திருப்பினேன்.